முப்பத்தோராம் பக்கத்துத் திருத்தச் சீட்டு

என் தங்கை இதலினா பர்ரெய்ரா கஷ்டப்பட்டு வென்றவற்றை முதலில் ஆண்டு வாரியாக எழுதிவிடுகிறேன். பிறகு எழுதலாம் என்று விட்டால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

1996-ல் தக்கை விளைவிப்போர் சங்க அலுவலகத்தில் தரை துடைக்கும் வேலை. கேட்டவர்கள் பதினொரு பேர். அலமாரியை நகர்த்தி அதன் பின்னால் துடைத்துக் காட்டியவள் இவள் ஒருத்திதான். 2001-ல் அதே அலுவலகத்தில் தட்டச்சு நாற்காலி. முன்பு அதில் இருந்த பெண் பிரசவத்துக்குப் போனவள் திரும்பவில்லை. 2006-ல், முப்பத்தெட்டாவது வயதில், வேலை செய்பவர்களுக்கான பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. அறுபது பேர் எழுதினார்கள், பத்தொன்பது பேர் தேறினார்கள். 2007-ல் கணிதம், மூன்றாவது முயற்சியில், இருபதுக்குப் பத்து. 2008-ல் புள்ளியியல், முதல் முயற்சியிலேயே பதின்மூன்று.

2008 டிசம்பரில் மாதா கோயில் குலுக்கலில் ஏழரைக் கிலோ பன்றித் தொடை. நானூறு சீட்டில் இவளுடையது ஒன்று. இந்த ஒன்றுக்கு மட்டும் அவள் எந்த முயற்சியும் செய்யவில்லை. ஊரில் இன்றைக்கும் அவளுடைய சாதனை என்று பேசப்படுவது இது ஒன்றுதான்.

கடைசியாக 2009-ல் பொருளாதார அளவியல். இருபதுக்குப் பத்து. அந்தப் பத்தைப் பற்றியதுதான் இது.

நான் குஸ்தோதியு, அவளுடைய அண்ணன். படிப்பு நாலாம் வகுப்பு. கோடையில் தக்கை மரங்களில் பட்டை உரிக்கும் கூட்டத்தில் எண் எழுதுவது என் வேலை. கோடாலிக்காரர்கள் பட்டையை உரித்து இறக்கியதும் செக்கச்செவேலென்று நிற்கும் மரத்தில் வெள்ளைப் பெயின்டால் அந்த ஆண்டின் கடைசி இலக்கத்தை எழுதுவேன். 2000-த்தில் உரித்த மரத்தில் 0. 2008-ல் உரித்த மரத்தில் 8. ஒன்பது ஆண்டு கழிந்த பிறகுதான் அந்த மரத்தை மறுபடி தொடலாம். மரம் தன் வயதைச் சொல்லாது. எப்போது உரித்தோம் என்பதை நாம்தான் எழுதிவைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் இந்த எண்ணைப் படிக்கத் தெரியும்.

இதலினா படிக்கப் போன கதையை ஊரில் யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. சங்கத் தலைவர் அபீலியுவின் கடிதங்களைத் தட்டச்சு செய்யும்போது, "உற்பத்தி கணிசமாக உயர்ந்துள்ளது" என்று அவர் சொல்லச் சொல்ல, "கணிசமாகன்னா எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறாள். "கணிசமாகன்னா கணிசமாகத்தான்" என்றிருக்கிறார் அவர். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. பேருந்தில் ஒரு மணி நேரம் போய், மாலை வகுப்பில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் திரும்பி வந்து, மூன்று ஆண்டுகள் அதற்குப் பதில் தேடினாள்.

படித்ததை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் காப்பிக்கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் செஃபெரினுவிடம் ஒரு பழுப்பு ஸ்வெட்டர் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் நம் அணி கால்பந்தில் தோற்காது என்பது இருபது ஆண்டாக அவர் சொல்லி, நாங்கள் எல்லாரும் நம்பிய விஷயம். அவர் மனைவி சில வாரம் அதைத் துவைத்துப் போட்டுவிடுவதால் எல்லா ஆட்டத்துக்கும் அவரால் அதைப் போட முடியாது. இதலினா ஒரு பருவம் முழுவதும் கடை நாட்காட்டியில் குறித்துக்கொண்டே வந்தாள். முப்பது ஆட்டங்கள்.

"பதினேழு ஆட்டம் ஸ்வெட்டரோட பாத்தீங்க, பத்துல ஜெயிச்சோம். பதிமூணு ஆட்டம் ஸ்வெட்டர் இல்லாம, எட்டுல ஜெயிச்சோம்" என்றாள்.

செஃபெரினு கோப்பை துடைப்பதை நிறுத்தினார். "அப்போ ஸ்வெட்டர் போட்டா தோக்குதுங்கறியா?"

"இல்ல. ஒண்ணும் ஆகலைங்கறேன்."

"அதுக்கு நீ தோக்குதுன்னே சொல்லியிருக்கலாம், தாயி. ஒரு மரியாதையாவது இருந்திருக்கும்."

அன்றிலிருந்து கடையில் கொறிக்கத் தரும் லூபின் பருப்புத் தட்டு அவளுக்கு இலவசமாக வருவது நின்றது. "ரெண்டுக்கும் தொடர்பு இருக்கா?" என்று கேட்டேன். "ஒரே ஒரு தடவை நடந்ததை வச்சு சொல்ல முடியாது அண்ணே" என்றாள். மிகவும் யோசித்துத்தான் சொன்னாள்.

அவளுடைய நோட்டுகளில் கடைசியாக வாங்கியது, பொருளாதார அளவியல் நோட்டு, பச்சை அட்டை. முதல் பக்கத்தில் முதல் வரி, பேராசிரியர் டாக்டர் வில்யேனா முதல் வகுப்பில் சொல்லி எழுதவைத்தது: "பட்டியலில் ஒவ்வொரு பத்தியும் எதை அளக்கிறது என்று எழுதாமல் கணக்கைத் தொடாதே." அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தாள். கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

டாக்டர் வில்யேனா லிஸ்பனிலிருந்து வாரம் இரண்டு நாள் வந்து பாடம் எடுப்பவர். மற்ற நாட்களில் கம்பெனிகளுக்கும் சங்கங்களுக்கும் ஆலோசனை சொல்லி அறிக்கை எழுதிக் கொடுப்பார். கெட்ட மனிதர் அல்ல. காலணி மட்டும் எப்போதும் புதிதாக இருக்கும். 2009-ன் தொடக்கத்தில் எங்கள் சங்கமும் அவரிடம் ஓர் அறிக்கை கேட்டது. எந்தத் தோப்புக் குத்தகையை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று விஞ்ஞான முறைப்படி சொல்ல வேண்டும் என்றார் தலைவர். அதுவரை அந்த முடிவைக் கையைத் தூக்கித்தான் எடுத்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் தோப்புக்கு வரவில்லை. எழுதி அனுப்பினார்: அறுநூறு மரங்களைச் சீட்டுக் குலுக்கியதுபோல் எடுங்கள், ஒவ்வொன்றிலும் பட்டையின் தடிமனை அளந்து அனுப்புங்கள், மரத்தைப் பற்றித் தெரிந்த மற்ற விவரங்களையும் சேருங்கள். மார்ச் மாதம் நானும் எங்கள் கூட்டத்துக் கோடாலிக்காரன் ஜசிந்துவும் ஊசி அளவியைப் பட்டைக்குள் குத்திக் குத்தி அறுநூற்றுப் பன்னிரண்டு மரங்களை அளந்தோம். போன வருடம் உரித்த மரத்தையும் அளக்க வேண்டியிருந்தது.

"நேத்துப் பொறந்த குழந்தைக்கு மீசை அளக்கறோம்" என்றான் ஜசிந்து.

"டாக்டர் கேட்டிருக்காரு. அள."

நான் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வரி எழுதினேன். தோப்பின் பெயர், மரத்து எண், சுற்றளவு, தடிமன். இதலினா அதை அப்படியே கணினியில் ஏற்றினாள். அறுநூற்றுப் பன்னிரண்டு வரியில் ஒரு பிழை இல்லை. நான் இரண்டு முறை சரிபார்த்தேன். இரண்டாவது பத்தியின் தலைப்பு "மரத்து எண்". அது என்ன எண் என்று நானும் எழுதவில்லை, அவளும் எழுதவில்லை. உப்பு டப்பாவின்மேல் உப்பு என்று எழுதுகிறோமா?

மே 16, சனிக்கிழமை, சங்கக் கூடத்தில் டாக்டர் முடிவைத் திரையில் காட்டினார். எண்பத்து மூன்று உறுப்பினர்கள் வந்திருந்தார்கள். இதலினா பின்னால் சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். தட்டச்சுக்காரி என்றாலும் காப்பி அவள்தான். திரையில் ஒரே ஒரு வரி:

தடிமன் = 28.4 − 3.1 × மரத்து எண்.

"பூஜ்யம் எழுதிய மரத்தில் பட்டை இருபத்தெட்டு மில்லிமீட்டர். எண் ஒன்று கூடினால் மூன்று மில்லிமீட்டர் குறைகிறது. எட்டாம் எண்ணில் மூன்றரைதான். இந்த ஒரே எண் தடிமனில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கை விளக்கிவிடுகிறது. என் பணிக்காலத்தில் இவ்வளவு சுத்தமான தொடர்பைப் பார்த்ததில்லை" என்றார் டாக்டர். உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

கூடம் கைதட்டியது. ஒன்பது வருடம் ஆன பட்டை தடிமனாக இருக்கும், ஒரு வருடம் ஆனது மெல்லிசாக இருக்கும் என்று எங்கள் அப்பாக்கள் சொன்னதை ஒரு டாக்டர் லிஸ்பனிலிருந்து வந்து கணக்குப் போட்டு நிரூபித்துவிட்டார்.

"ஆகவே ஆறு, ஏழு, எட்டு எண்ணுள்ள தோப்புகளின் குத்தகையை விட்டுவிடலாம். பூஜ்யம், ஒன்று, இரண்டு எண்ணுள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று முடித்தார்.

ஜசிந்து என் காதருகே குனிந்தான். "கொத்தோவியா தோப்பையா விடச் சொல்றாரு? போன வருஷம்தானே உரிச்சோம்? பட்டை இப்பதானே கட்டுது?"

"ஆமா."

"அப்போ ஏன் விடணும்?"

"கேளேன்."

"நீ கேளு. நீதானே எண் எழுதறவன்."

"நாப்பது பக்கம் எழுதியிருக்காருடா. உள்ள காரணம் இருக்கும்."

எண்பத்து மூன்று பேரும் இதையே நினைத்தோம் என்று பிறகு தெரிந்தது. அறிக்கை நீல அட்டை போட்டு மேசையில் இருந்தது. யாரும் புரட்டவில்லை, கை கழுவாமல் தொடக்கூடாது போல இருந்தது. குத்தகைகளை விடுவது பற்றி ஜூலை 11 அன்று கை தூக்குவது என்று முடிவாயிற்று. கொத்தோவியாவின் சொந்தக்காரர், தோப்பு தன் கைக்கே திரும்பப் போகிறது என்று, அன்று மாலையே எல்லாருக்கும் ஒயின் வாங்கிக் கொடுத்தார். அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஜூன் முதல் வாரம், கடைசி வகுப்பு. டாக்டர் அதே வரியைத் தன் மாணவர்களுக்குத் திரையில் காட்டியிருக்கிறார், எடுத்துக்காட்டாக. "மரத்து எண் என்பது சங்கத்து ஆட்கள் ஒவ்வொரு மரத்துக்கும் கொடுக்கும் தர எண். பூஜ்யம் உயர்ந்தது, எட்டு தாழ்ந்தது. அறிக்கையின் முப்பத்தோராம் பக்கத்தில் அடிக்குறிப்பாகக் கொடுத்திருக்கிறேன்" என்றாராம்.

இதலினா கையைப் பாதி தூக்கினாள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கேள்விகளை வாய்மொழித் தேர்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேர்வே இந்த அறிக்கையைப் பற்றித்தான்."

வீட்டுக்கு வந்து பச்சை நோட்டின் முதல் வரியை என் முன்னால் விரித்து வைத்தாள். "அண்ணே, இதை நான் எழுதி, சிவப்புல கோடு வேற போட்டிருக்கேன். அப்புறம் 'மரத்து எண்'ன்னு மட்டும் அடிச்சு அனுப்பியிருக்கேன்."

"நோட்டுல நானுந்தானே அப்படி எழுதினேன்?"

"நீங்க பொருளாதார அளவியல் படிக்கல."

மறுநாள் தலைவரிடம் போனாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அந்த வாரம் பேச்சை ஒத்திப்போட்டார். அதற்குள் எழுத்துத் தேர்வு வந்து போய், மதிப்பெண்ணும் வந்தது. எட்டு புள்ளி ஆறு. ஒன்பதரை இருந்தால்தான் தேர்ச்சி. எட்டுக்கு மேல் வாங்கினவர்களுக்கு வியாழக்கிழமை நடக்கும் வாய்மொழித் தேர்வு ஒரு கடைசி வாய்ப்பு. அந்த ஆண்டோடு மாலை வகுப்பையே மூடுகிறார்கள். வேறு எல்லாப் பாடத்திலும் தேறியாயிற்று. இந்த ஒன்றில் போனால், பேருந்தில் போன மூன்று ஆண்டும் போனதுதான்.

இந்த நிலையில்தான் தலைவர் அவளைக் கூப்பிட்டார்.

"எழுத்துத் தேர்வுல எவ்வளவும்மா வந்துச்சு?"

"எட்டு புள்ளி ஆறுங்க."

"போட்டது யாரு?"

"டாக்டர் வில்யேனா."

"பாரு. அவரு உன்னை எட்டுங்கறாரு. நீ அவரைத் தப்புங்கறே. நான் யாரை நம்ப? அவரே வந்து தப்புன்னு சொல்லட்டும், அந்த நிமிஷமே தீர்மானத்தைக் கைவிட்டுடறேன்."

"எண் என்னன்னு உங்களுக்கே தெரியுமே, ஐயா."

"எனக்குத் தெரியும். ஆனா நான் டாக்டர் இல்லையே."

நான் அவளுக்கு நல்ல யோசனைதான் சொன்னேன் என்று இப்போதும் நினைக்கிறேன். "வியாழக்கிழமை அவரு கேக்கறதுக்கு அவரு சொன்னதையே திருப்பிச் சொல்லு. தர எண்ணுன்னு சொல்லு. பாஸாகு. வெள்ளிக்கிழமை போய் உண்மையைச் சொல்லு. யாரு தடுக்கறா?"

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கொத்தை மேசையில் வைத்தாள். "வியாழக்கிழமை தர எண்ணுன்னு சொல்லி மார்க் வாங்கிட்டு, வெள்ளிக்கிழமை அது வருஷம்னு சொன்னா, ரெண்டுல எதுக்கு அண்ணே எனக்குப் பட்டம் குடுத்தாங்கன்னு கேப்பாங்க?"

"யாரு கேப்பா?"

"நான் கேப்பேன்."

இப்படிச் சொன்னாலும் அவள் முடிவு செய்துவிடவில்லை. புதன்கிழமை வரைக்கும் அடுப்படியில் இரண்டு விதமாகவும் பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். "தர எண்" என்ற பதில்தான் சரளமாக வந்தது.

வியாழக்கிழமை காலை நாங்கள் பூஜ்யத் தோப்பில் இருந்தோம். அந்த மரங்களுக்கு ஒன்பது ஆண்டு நிறைந்திருந்தது. மதியத்துக்குள் நாற்பத்து மூன்று மரங்களை உரித்தார்கள். நாற்பத்து மூன்றிலும் நான் 9 எழுதினேன். கை கழுவ நேரமில்லை. ஜசிந்துவின் வண்டியை வாங்கிக்கொண்டு நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முன்னால் மேசையில் டாக்டர் வில்யேனா. அவர் பக்கத்தில் இரண்டாவது தேர்வாளராக இளவயது ஆசிரியை ஒருத்தி. இதலினா சாம்பல் நிறப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தாள். பச்சை நோட்டு மடியில்.

"சரி, இதலினா அம்மா. எண்ணுக்கு முன்னால மைனஸ் மூணு புள்ளி ஒண்ணு இருக்கு. அர்த்தம் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"மரத்துல எழுதியிருக்கற எண் ஒண்ணு கூடினா பட்டைத் தடிமன் சராசரியா மூணு புள்ளி ஒரு மில்லிமீட்டர் குறையுதுங்க."

"ரொம்ப சரி. இந்தக் கணக்கை நம்பலாமா?"

"இந்த வருஷ வசந்தத்துக்கு மட்டும் நம்பலாம்."

அவர் புருவம் லேசாக உயர்ந்தது. "பரவாயில்லை, ஜாக்கிரதையான பதில்தான். சங்கத்துக்கு என்ன பரிந்துரை சொல்வீங்க?"

சுவரில் நீல ஓடுகள் ஒரு வரிசைக்குப் பதினான்கு. மூன்றாவது வரிசை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"காத்திருக்கச் சொல்வேன், ஐயா."

"எதுக்குக் காத்திருக்கணும்?"

"எட்டாம் எண் மரத்துக்கு இன்னும் எட்டு வருஷம் காத்திருக்கணும். அது தர எண் இல்லைங்க. கடைசியா பட்டை உரிச்ச வருஷம். ரெண்டாயிரத்து எட்டுன்னா எட்டு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "யார் சொன்னது?"

"கடைசி வரிசையில உக்காந்திருக்கறவர் என் அண்ணன். எண் எழுதறவரே அவர்தான். கையைப் பாருங்க."

இரண்டு தேர்வாளர்களும் என்னைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். விரலெல்லாம் வெள்ளைப் பெயின்ட்.

"இன்னிக்குக் காலைல நாப்பத்து மூணு பூஜ்யத்தை உரிச்சு ஒன்பது எழுதிட்டு வந்திருக்கார். காலைல உங்க பட்டியல்ல முதல் தரமா இருந்த மரம், மத்தியானம் கடைசித் தரமாயிடுச்சு. அதுகூடப் பரவாயில்லைங்க, ஒன்பதைப் போட்டாக் கணக்கு அரை மில்லிமீட்டர்னு சொல்லும், அது சரிதான். அடுத்த வருஷம் ரெண்டாயிரத்துப் பத்து. உரிச்ச மரத்துல மறுபடி பூஜ்யம் எழுதுவோம். பட்டையே இல்லாம அம்மணமா நிக்கற மரத்துக்கு உங்க கணக்கு இருபத்தெட்டு மில்லிமீட்டர்னு சொல்லும்."

இளைய ஆசிரியை தாள்களுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

டாக்டர் அந்த வரியை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் பூஜ்யம் முதல் எட்டு வரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக ஆண்டை எழுதினார். அவர் எழுதும் வேகம் குறைந்துகொண்டே வந்தது.

"கூடத்துல எண்பது பேர் இருந்தாங்களே" என்றார் கடைசியில். குரல் வேறு மாதிரி இருந்தது. "ஒருத்தர்கூட ஏன் சொல்லல?"

"நீங்க டாக்டர், ஐயா. அதனாலதான் சொல்லல."

"பட்டியலைத் தயாரிச்சது யாரு?"

"நான்தான்."

"அந்தப் பத்தி எதை அளக்குதுன்னு குறிப்பு எழுதினீங்களா?"

"எழுதல. எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியுங்கறதால எழுதல. நீங்க முதல் வகுப்புல சொன்ன முதல் விதி." பச்சை நோட்டைத் திறந்து மேசையில் வைத்தாள். "அதை நான் மீறினேன்."

நீங்களும் கேட்டிருக்கலாமே என்று அவள் சொல்லவில்லை. நான் சொல்லியிருப்பேன். டாக்டர் தன் வாயால் சொன்ன வரியைச் சிவப்புக் கோடுகளோடு இரண்டு முறை படித்தார். பிறகு இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். ஆசிரியை ஏதோ ஓர் எண்ணைச் சொல்ல, அவர் தலையை ஆட்டி வேறொன்றைச் சொன்னார்.

"பதிலுக்குப் பதினாலு" என்றார் டாக்டர். "விளக்கக் குறிப்பு இல்லாத பட்டியலுக்கு நாலு குறைக்கறேன். பத்து. தேர்ச்சி."

ஆக, அவருடைய பிழைக்கு இவளுக்கு நாலு மதிப்பெண் போயிற்று. வண்டியில் திரும்பும்போது இதை எட்டுக் கிலோமீட்டர் தூரம் திட்டிக்கொண்டே வந்தேன். "இல்ல அண்ணே, அந்த நாலு நியாயம்தான்" என்றாள். "அவருக்கு எத்தனை குறைச்சாங்க?" என்று கேட்டேன். அதற்கு அவளிடம் தரவு இல்லையாம்.

சனிக்கிழமை நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது முடிவில் வரக்கூடாது. தலைவர் திருத்தச் சீட்டைக் கூடத்தில் படித்தார். கொத்தோவியாவை விடும் தீர்மானம் கைவிடப்பட்டது. வெளியே வரும்போது, "எனக்கு அப்பவே தெரியும்" என்று என்னிடம் வந்து சொன்னவர்கள் பதினொரு பேர். பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறேன். அதில் ஒன்பது பேர் மே மாதம் எழுந்து நின்று கைதட்டியவர்கள். ஜசிந்து பத்தாவது. டாக்டர் வில்யேனா இப்போதும் அந்த வரியை வகுப்பில் காட்டுகிறார், "தரவைச் சேகரிப்பவர்கள் செய்யும் பிழைகள்" என்ற தலைப்பில். கேட்டவர்கள் வந்து சொன்னார்கள். ஆனால் அந்தப் பாடத்துக்கு முந்தின நாள் மாணவர்களைப் பேருந்தில் ஒரு தக்கைத் தோப்புக்கு அழைத்துப் போய், அவரே மரத்தைத் தொட்டுக் காட்டுகிறார். காலணி அழுக்காகிறது. செஃபெரினு அவளை "டாக்டரம்மா" என்கிறார். லூபின் பருப்பு மட்டும் இன்னும் வரவில்லை.

இனி கையெழுத்து. அதற்கு முன்னால் அவள் கையெழுத்தே போட்டதில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சம்பளப் பட்டியலில் போட்டிருக்கிறாள், வகுப்பு வருகைத் தாளில் போட்டிருக்கிறாள், பன்றித் தொடையை வாங்கிக்கொண்டதற்குப் போட்டிருக்கிறாள். அதெல்லாம் வந்ததற்கும் வாங்கியதற்குமான கையெழுத்து. சங்கத்தில் எட்டு ஆண்டில் அவள் தட்டச்சு செய்த கடிதங்கள் ஏழாயிரத்துக்கு மேல். அடியில் இருப்பது எல்லாம் வேறொருவர் பெயர்.

தேர்வு முடிந்ததும் டாக்டர் எங்களைத் தன் அறைக்கு அழைத்தார். சங்கத்துக்கு ஒரு திருத்தச் சீட்டு அனுப்ப வேண்டும், அதைப் பட்டியல் தயாரித்தவரே எழுதுவதுதான் முறை என்றார். அது முறையா தந்திரமா என்று எனக்குத் தெரியாது. இதலினா அவருடைய கணினியில் உட்கார்ந்து எழுதினாள். மூன்று முறை அழித்து எழுதியதில் நின்றது இது:

"பக்கம் 31, அடிக்குறிப்பு 2: 'தர எண்' என்பதைக் 'கடைசியாகப் பட்டை உரித்த ஆண்டின் கடைசி இலக்கம்' என்று படிக்கவும். பட்டியலில் இதை விளக்காதது என் பிழை. பக்கம் 32 முதல் 40 வரை உள்ள பரிந்துரைகளைப் படிக்க வேண்டாம்."

டாக்டர் படித்தார். கடைசி வாக்கியத்தில் அவர் விரல் நின்றது. "இது அவசியமா?"

"கணிசமான அளவுக்கு, ஐயா" என்றாள்.

அவர் சிரித்தாரா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. தன் சட்டைப் பையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி அவள் பக்கம் நீட்டினார். "இங்கே போடுங்க, டாக்டர் இதலினா" என்றார். பட்டம் வாங்கியவர்களை எங்கள் நாட்டில் அப்படித்தான் அழைப்பார்கள்; அவளை முதலில் அப்படி அழைத்தவர் அவர்தான். தாளை நேராக வைத்து, பேனாவை ஓர் ஓரத்தில் கீறிப் பார்த்து, தன் முழுப் பெயரையும் மெதுவாக, ஓர் எழுத்துகூட மற்றொன்றின்மேல் ஏறாமல் எழுதினாள். எந்த விவரமும் விடுபடக் கூடாது என்று அடியில் நாளையும் எழுதினாள்: 2009 ஜூலை 9, வியாழக்கிழமை.